நீலகிரியின் பழைய பங்களாவும் சரிவுத் தோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நூறு வருடத்தைத் தாண்டிய பங்களா ஒன்று குடும்பச் சொத்தாக வந்திருக்கும். அல்லது ஆசைப்பட்டு வாங்கியிருப்பீர்கள். வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம் சரிவாக இருக்கும், பாதி புதர் மண்டியிருக்கும். பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும், அம்மா அப்பா நடக்க வழி வேண்டும், வீட்டின் அழகும் கெடக்கூடாது. இப்படிப்பட்ட குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பல பதில்கள் தண்ணீரில்தான் வந்து முடியும். மலைச்சரிவில் வீட்டையும் தோட்டத்தையும் காப்பதும் கெடுப்பதும் தண்ணீர்தான்.

முதலில் யாரைக் கூப்பிடுவது? நர்சரிக்காரரையா, டிசைனரையா, கொத்தனாரையா?

யாரையும் கூப்பிடுவதற்கு முன் ஒரு நல்ல மழையைப் பாருங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் வீட்டுச் சுவரை முட்டுகிறதா, சுற்றிக்கொண்டு போகிறதா, எந்தப் படிக்கட்டு ஓடையாக மாறுகிறது என்று கவனியுங்கள். மழை விட்டதும் அந்தத் தடங்களில் கோலப்பொடியோ சுண்ணாம்புத் தூளோ தூவிப் படம் எடுத்து வையுங்கள். அதன் பிறகு யார் வந்து பிளான் போட்டாலும் அந்தப் படங்களை முதலில் காட்டுங்கள்.

அடுத்த வேலை கடப்பாரையோடு. இந்தப் பங்களாக்களைக் கட்டியவர்கள் வீட்டுக்கு மேட்டுப் பக்கத்தில் ஒரு கல் வாய்க்கால் வைப்பது வழக்கம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை வீட்டுக்கு வரும் முன்பே பிடித்து, இரண்டு பக்கமும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. பல தோட்டங்களில் அது மண்ணுக்கும் புல்லுக்கும் கீழே மூடிக் கிடக்கிறது. சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, அடிக்கொரு தரம் கடப்பாரையைக் குத்திக்கொண்டே போங்கள். அரை அடி ஆழத்தில் 'டங்' என்று கல் தட்டும். அந்த இடத்தில் தோண்டினால் வரிசையாகப் பாவிய கல்லும், அதன் நடுவில் அடைத்த கருப்பு வண்டலும் தெரியும். அந்த வாய்க்காலைத் தூர் வாரிவிட்டாலே வீட்டின் ஈரப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடுவது உண்டு. புது டிரெயின் போடும் செலவும் மிச்சம்.

வீட்டுச் சுவரில் ஈரம் ஏறுகிறது. அது வீட்டு ரிப்பேர்தானே? தோட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. தோட்ட வேலையின் மிக முக்கியமான பகுதியே வீட்டுச் சுவரை ஒட்டிய மூன்றடிதான்.

பழைய பங்களாவின் சுவர் கல்லோ செங்கல்லோ, சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அந்தச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்தால் வெளியே விடும். இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருந்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. நூறு வருடத்தில் என்ன நடக்கிறது என்றால், சரிவிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி மேட்டுப் பக்கச் சுவரில் சேர்கிறது. தோட்டக்காரர் வருடா வருடம் அங்கே எரு போட்டுப் பாத்தி கட்டுகிறார். கடைசியில் அடித்தளத்தைத் தாண்டி மண் ஏறிவிடுகிறது. மரத்தளத்துக்குக் கீழே காற்று போக வைத்த இரும்புச் சல்லடைத் துவாரங்களும் புதைந்துவிடுகின்றன. உள்ளே தரைப் பலகை உளுத்துப்போவது இதனால்தான்.

ஆகவே முதலில் அந்த மண்ணை எடுங்கள். உள்தளத்தைவிட வெளித்தரை குறைந்தது ஓர் அடியாவது தாழ்வாக இருக்க வேண்டும். சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு ஜல்லி பரப்பி, அதற்கு அந்தப் பக்கம் தரையைச் சுவரிலிருந்து விலகிச் சரிய விடுங்கள். அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டாதீர்கள். அடித்தளம் ஆழமில்லாத வீடுகள் பல உண்டு. தோண்டும்போது ஒரே நாளில் முழுப் பக்கத்தையும் திறக்காமல் நான்கடி ஐந்தடித் துண்டுகளாகப் போங்கள்.

செய்யக் கூடாத இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சுவரை ஒட்டி சிமென்ட் தளம் போடுவது. தரை ஈரம் ஏறிவர வழி இல்லாமல் சுவருக்குள் போகும். இரண்டு, சுவரின் கீழ்ப்பகுதிக்கு சிமென்ட் பூச்சு. ஈரம் அந்தப் பூச்சுக்குப் பின்னால் அடைபட்டு மேலே மேலே ஏறும். பூசத்தான் வேண்டும் என்றால், நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையில், வெயில் சீசனில், அதைத் தெரிந்த கொத்தனாரை வைத்துப் பூசுங்கள்.

நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஓர் அடையாளம் சொல்கிறேன். நீலகிரி மண் புளிப்பு மண். அதனால் இங்கே ஹைட்ராஞ்சியா பெரும்பாலும் நீலமாகப் பூக்கும். வரிசையில் மற்ற செடியெல்லாம் நீலமாக இருக்க, சுவரை ஒட்டிய ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். சுவரின் சுண்ணாம்பு கரைந்து மண்ணில் இறங்கியிருக்கலாம். ரகத்தைப் பொறுத்தும் நிறம் மாறும். என்றாலும், அந்தச் செடிக்கு நேர் மேலே கூரைக் கால்வாய் ஒழுகுகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

பிள்ளைகள் பந்து விளையாட சமமான இடம் வேண்டும். ஜேசிபி வைத்து ஒரேயடியாக வெட்டிவிடலாமா?

வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

சரிவை வெட்டினால் மேல்பக்கம் ஒரு செங்குத்து நிற்கும், கீழ்ப்பக்கம் வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய மேடு நிற்கும். ஆபத்து இரண்டிலும் இருக்கிறது. செங்குத்துக்கு மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. கொட்டிய மண் எத்தனை மிதித்தாலும் பழைய இறுக்கத்துக்கு வராது. தொடர்மழையில் ஊறி ஒரே நாளில் இறங்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிவால் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. உங்கள் தோட்டம் அப்படிப்பட்ட ஒரு நாளையும் தாங்க வேண்டும். அது இடிந்தால் கீழ் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

சட்டமும் இருக்கிறது. நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் இயந்திரம் இறக்கக் கூடாது. 'ஹாக்கா' என்று எல்லாரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் உங்கள் ஊர் வந்தால் கட்டுமானத்துக்குத் தனி ஒப்புதலும் தேவைப்படலாம். பட்டா, புல வரைபடம் இரண்டையும் எடுத்துக்கொண்டு நகராட்சியிலோ ஊராட்சியிலோ முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதும் அப்போதே தெளிவாகிவிடும்.

சமதளம் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். பெரிய ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு மூன்று செய்யுங்கள். நான்கடிக்கு மிகாத சுவர், அதற்கு மேல் ஒரு தட்டு. அடுத்த சுவர் முதல் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வர வேண்டும். பந்து விளையாட 30 அடிக்கு 20 அடி போதும். பல பங்களாக்களில் பழைய டென்னிஸ் கோர்ட்டோ குதிரை லாயத்து முற்றமோ சமமாகவே புதருக்குள் கிடக்கும். புதிதாக வெட்டும் முன் அதைத் தேடுங்கள்.

பழைய கல்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. இடித்துவிட்டு கான்கிரீட் சுவர் எழுப்பலாமா?

வயிறு தள்ளியிருப்பதற்குக் காரணம் என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. ஈரம் ஊறிய மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன் எடை. அதோடு தண்ணீரின் தள்ளுதலும் சேரும்போது எந்தச் சுவரும் கொடுத்துத்தான் ஆகும். கான்கிரீட் கட்டினாலும் பின்னால் தண்ணீருக்கு வழி வைக்காவிட்டால் அதே கதைதான். விழும்போது துண்டு துண்டாக விழாமல் மொத்தமாக விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர் இந்த மலைக்குப் பொருத்தமானது. கல்லுக்குக் கல் இடுக்கு இருப்பதால் தண்ணீர் தானாகக் கசிந்து வெளியேறும். மண் சற்று அசைந்தால் சுவரும் அசைந்து கொடுக்கும். தள்ளிய பகுதியை மட்டும் பிரித்து, அதே கல்லை வைத்து மறுபடி அடுக்கலாம். நான்கடிச் சுவருக்கு அடியில் இரண்டடி அகலம் வேண்டும். அடிக்கல் தரைக்குள் ஓர் அடி இறங்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் சுவர் மேட்டைப் பார்த்துச் சாய வேண்டும். நடுநடுவே மண்ணுக்குள் நீளமாகப் போகும் பூட்டுக்கல் வைக்க வேண்டும். பின்னால் ஓர் அடி தடிமனுக்கு ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி (ஜியோடெக்ஸ்டைல்) வையுங்கள். இல்லாவிட்டால் சேறு வந்து ஜல்லியை அடைத்துவிடும். சாந்து வைத்த சுவராக இருந்தால் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற நான்கைந்து அடிக்கு ஒன்றாக நீர்த்துளைக் குழாய் கட்டாயம். ஏற்கெனவே குழாய்கள் இருந்தால் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். முக்கால்வாசி அடைத்துக் கிடக்கும்.

நான்கடிக்கு மேல் உயரமான சுவர், வீட்டையோ சாலையையோ தாங்கும் சுவர், மழைக்கு மழை சாய்வு கூடும் சுவர் ஆகிய மூன்றையும் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் தொடாதீர்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. படிக்கட்டு எப்படி இருக்க வேண்டும்?

வீட்டுக்குள் இருக்கும் படி அளவு தோட்டத்துக்கு ஒத்துவராது. உயரம் ஐந்து அங்குலம், ஆறுக்கு மேல் வேண்டாம். கால் வைக்கும் அகலம் 14 முதல் 16 அங்குலம். பத்துப் படிக்கு ஒரு தட்டு, அதில் உட்கார ஒரு கல் திண்ணை. ஒவ்வொரு படியும் முன்பக்கமாகத் துளி சாய்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது, பாசி பிடிக்காது. எல்லாப் படியும் ஒரே உயரமாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மாறினால் இடறுவது அங்கேதான். ஒரு பக்கமாவது மூன்றடி உயரத்தில் கைப்பிடி வையுங்கள்.

சக்கர நாற்காலி போக வேண்டும் என்றால் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். ஐந்தடி மேட்டுக்கு 60 அடிப் பாதை ஆகும். அது எல்லா இடத்துக்கும் தேவையில்லை. வாசல், கார் நிற்கும் இடம், காலை வெயில் விழும் ஒரு தட்டு ஆகிய மூன்றையும் படியில்லாமல் இணைத்துவிட்டால் அவர் தினமும் வெளியே வருவார்.

மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே வெட்டுவது?

சமவெளியில் செய்வதுபோல் எங்கே வேண்டுமானாலும் வெட்ட முடியாது. தாங்குசுவருக்கு மேலேயோ வீட்டுக்கு மேட்டிலேயோ உறிஞ்சுகுழி வெட்டினால், வெளியேற்ற வேண்டிய தண்ணீரை நாமே சரிவுக்குள் ஏற்றுகிறோம். மலையில் தொட்டியில் பிடிப்பதே பாதுகாப்பு. 1,500 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 14,000 லிட்டர் கிடைக்கும். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரைக் குழாய் வழியாகவோ கல் பாவிய வாய்க்கால் வழியாகவோ இயற்கையான ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள். அடுத்தவர் எல்லையில் கொண்டுபோய்த் திறந்துவிடக் கூடாது. செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புதுத் தட்டு கட்டும் முன் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் படத்தில் குறித்துவிடுங்கள்.

வீட்டை ஒட்டி ராட்சதக் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள். எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா?

வீட்டின் மேல் சாயக்கூடியதை எடுத்துத்தான் ஆக வேண்டும். பயத்தோடு யாரும் தூங்க முடியாது. ஆனால் 1955-ம் வருடத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சீசனில் எடுக்காதீர்கள். மரத்தை வெட்டிய அன்றே சரிவு இறங்கிவிடாது. வேர் மெல்ல மக்கும். சில வருடம் கழித்து, எல்லாரும் மறந்த பிறகு, பிடிமானம் போய் மண் இறங்கும். அதனால் முதலில் இடையிடையே புது மரம் நட்டு, அவை வேர் பிடித்த பிறகு பழையதைக் கட்டம் கட்டமாக எடுங்கள். அடிக்கட்டையைப் பெயர்க்க வேண்டாம், தரையோடு அறுத்து விடுங்கள். கற்பூரம் மறுபடி துளிர்க்கும். துளிரைத் தொடர்ந்து கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சீகை (வாட்டில்) மரம் அதைவிடப் பிடிவாதம். மண்ணில் கிடக்கும் விதை வெளிச்சம் பட்டதும் முளைக்கும். உண்ணிச்செடியைச் சரிவின் கீழிருந்து மேலாகப் பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே வேறு செடி நடுங்கள்.

அப்படியானால் என்ன நடுவது?

சரிவைப் பிடிக்க உயரம், குட்டை, தரைப்படர்வு என மூன்று அடுக்கு வேண்டும். பெரிய மரத்துக்குச் சோலைக்காட்டு இனங்களையே சிபாரிசு செய்வேன். மலைநாவல் வகைகள், காட்டுச் செண்பகம், உயரமான இடமாக இருந்தால் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு. நிதானமாகத்தான் வளரும், ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் நிற்கும். புதருக்குத் தவிட்டுப்பழச் செடி அருமை. இளஞ்சிவப்புப் பூ, பிள்ளைகளுக்குப் பழம், சரிவுக்குப் பிடிமானம், எல்லாம் ஒரே செடியில். வெட்டிவேரைக் குன்னூரிலும் கீழேயும் நடலாம்; கடும் உறைபனி விழும் பள்ளத்தில் அதை நம்ப வேண்டாம்.

காய்கறித் தோட்டத்தைக் கட்டாயம் வையுங்கள். பீன்ஸ், கேரட், பீட்ரூட், வேலியோரம் இரண்டு மரத்தக்காளி. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் மழையிலேயே மேல்மண் போய்விடும். எல்லாவற்றையும் ஜூன் சாரலில் நட்டுவிட்டால், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வரும் பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

உறைபனியில் செடி கருகுகிறது. ஒரே தோட்டத்தில் மேலே கருகவில்லை, கீழே மட்டும் ஏன்?

குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். ராத்திரியில் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கீழ்ப்பக்கம் அடர்த்தியான வேலியோ முழுச்சுவரோ இருந்தால் அதன் பின்னால் நிற்கும். வேலியின் தாழ்வான இடத்தில் ஒரு திறப்பு விட்டுப் பாருங்கள்.

புல்வெளி?

சின்னதாக, சமமான தட்டில் மட்டும். மூன்றடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறும் சரிவில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுவது ஆபத்து. இங்கே எல்லாரும் போடும் கிக்குயூ புல் பாத்திக்குள்ளும் கல்சுவர் இடுக்கிலும் புகும். ஓரத்தில் கல்வரம்பு தேவை. காட்டுமாடுகளுக்கும் அது விருப்பமான மேய்ச்சல்.

காட்டுமாடு, கரடி வருகின்றன. சுற்றிலும் உயரமாகக் காம்பவுண்டு எழுப்பிவிடலாமா?

முழுக்க அடைத்தால் அவை வழக்கமான தடத்தை விட்டுச் சாலையிலும் பக்கத்து வீட்டு முற்றத்திலும் இறங்கும். தடம் எது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தோட்டத்தின் ஓரமாக அந்தத் தடத்தை விட்டுவிட்டு, வீட்டையும் பிள்ளைகள் விளையாடும் தட்டையும் காய்கறிப் பாத்தியையும் மட்டும் வேலிக்குள் கொண்டுவாருங்கள். பேரிக்காயும் கொய்யாவும் பழுத்து விழும்வரை விட்டால் கரடி வரத்தான் செய்யும், காலத்தில் பறித்துவிடுங்கள். சமையல் கழிவை வெளியே கொட்டாதீர்கள். படிக்கட்டின் திருப்பங்களில் விளக்கு இருக்கட்டும். முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாமல் யாரும் வளைவில் திரும்பக் கூடாது.

வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டத்தை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்கிறார் அண்ணன். ஒன்றும் வேண்டாம், புதிதாகப் போடலாம் என்கிறாள் தங்கை. யார் சொல்வது சரி?

தோட்டத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்க வேண்டும். அதற்கு மேல் உங்கள் விருப்பம். கல்சுவர், படிகள், வாய்க்கால், பாதையின் வளைவு, வாசலில் இருந்து தெரியும் பள்ளத்தாக்குக் காட்சி, வயதான காமெலியா, மக்னோலியா போன்றவை திரும்பக் கிடைக்காதவை. கைவைக்கும் முன் அளந்து, படம் எடுத்து வையுங்கள். பூப்பாத்திகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்தவைதான். பாட்டி நட்ட மருக்கொழுந்தும் அந்த வீட்டின் சரித்திரம்தான். ஒரு வருடம் களை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருங்கள். மண்ணுக்குள் இருக்கும் பழைய கிழங்குப் பூக்கள் எங்கே எழும்புகின்றன என்று தெரியும்.

எவ்வளவு காலம், எந்த வரிசையில்?

மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் வாய்க்கால், கூரைத் தண்ணீர், சுவரடி மண். ஜனவரி முதல் மே வரைதான் மண் வேலைக்குக் காலம். அதற்குப் பிறகு சரிவைத் திறந்துபோடாதீர்கள். இரண்டாம் வருடம் தாங்குசுவரும் படிகளும். மூன்றாம் வருடம்தான் பாத்தி, புல்வெளி, அழகுச் செடிகள். சரிவைப் பிடிக்கும் மரக்கன்றுகள் மட்டும் விதிவிலக்கு, அவற்றை முதல் ஜூனிலேயே நடுங்கள். கையில் பணம் குறைவு என்றால் மூன்றாம் வருட வேலையைத் தள்ளிப்போடலாம், முதல் வருட வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

நேரில் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள இடம் உண்டா?

உண்டு. ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது. தோட்டக்கலை நிபுணர் டபிள்யூ. ஜி. மெக்ஐவர் தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் அமைத்தார். பூவைப் பார்க்காமல் தட்டுகளுக்கு நடுவே பாதை எப்படி வளைந்து ஏறுகிறது என்று பாருங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் உருவானது. பள்ளமான மடிப்பை நிரப்பாமல் அப்படியே பயன்படுத்தியிருக்கிறார்கள், தண்ணீர் அடியில் உள்ள குளத்துக்கு இறங்குகிறது. கோத்தகிரி கன்னேரிமுக்கில், அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கட்டிய பங்களாவைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். மூன்றையும் முடிந்தால் மழை நாளில் பாருங்கள். கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.